"பொறுத்துப் போ" என்று மகனிடம் சொல்வதற்கு முன்

வணக்கம் அம்மா. உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவில் எச்1பி விசாவில் (கம்பெனி ஸ்பான்சர் செய்து, அதாவது பொறுப்பேற்று, வாங்கித் தரும் வேலை விசா) வேலை பார்க்கும் உங்கள் மகனை, "புரியும்படி பேசுகிற ஒருவரைப் போடுங்கள்" என்று எல்லார் முன்னாலும் மேனேஜர் சொல்லி, ஜனவரி 14 அன்று க்ளையன்ட் வேலையிலிருந்தே மாற்றிவிட்டார். சம்பளம் குறையவில்லையே, பொறுத்துப் போ என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். விசா போய்விடுமோ என்ற பயத்தில் சொன்னது, புரிகிறது. ஆனால் அந்தப் பொறுமைக்குச் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது.

அமெரிக்காவின் 1964-ம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் இனம், நிறம், பிறந்த நாடு பார்த்து ஒருவரை வேறுபடுத்தக் கூடாது என்கிறது. இந்தப் பாதுகாப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. பேச்சின் சாயல் (ஆக்சென்ட்) பிறந்த நாட்டோடு சேர்ந்தது. அதனால் வேலைக்கே உண்மையில் இடைஞ்சல் என்றால்தான் அதைக் காரணமாகக் காட்ட முடியும். இவனோ ஒன்றரை வருடம் அதே க்ளையன்ட்டோடு பேசி, இரண்டு முறை நல்ல மதிப்பீடு வாங்கியவன்! சம்பளம் அப்படியே இருந்தாலும் இடமாற்றத்தை எதிர்த்து வழக்குப் போடலாம், பெரிய நஷ்டம் என்று காட்ட வேண்டியதில்லை, ஏதோ ஒரு பாதிப்பு இருந்தால் போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2024-ல் சொல்லிவிட்டது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். "விசா ஸ்பான்சர் செய்ய மாட்டோம்" என்று ஒரு கம்பெனி எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னால், அதை மட்டும் வைத்து இனப் பாகுபாடு என்று சொல்லிவிட முடியாது. அங்கே படித்துவிட்டு வேலை தேடும் நிறைய மாணவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் எழுதச் சொல்லுங்கள். "என்னை அவமானப்படுத்தினார்" என்று எழுதினால் போதாது. எந்தத் தேதி, எத்தனை மணி, மேனேஜர் வாயிலிருந்து வந்த அதே சொற்கள், அந்த மீட்டிங்கில் இருந்த நான்கு பேர் யார் யார், அவன் இடத்துக்கு யார் வந்தார் என்று எழுத வேண்டும். இதைச் சொந்த நோட்டில் எழுதட்டும், ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம். கம்பெனிக் கோப்புகளைத் தன் மெயிலுக்கு அனுப்பவே கூடாது, அதையே காரணமாக வைத்து வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். அப்புறம் கம்பெனியின் பணியாளர் பிரிவான எச்.ஆருக்கு மின்னஞ்சலில் புகார். அதில் "மேனேஜர் கடுமையாக நடக்கிறார்" என்று மென்று விழுங்காமல், பிறந்த நாட்டைக் காரணமாக வைத்து நடந்த பாகுபாடு என்றே எழுத வேண்டும். ஏனென்றால் பாகுபாட்டைப் பற்றி நேர்மையாகப் புகார் செய்தவரைப் பழிவாங்குவது தனிக் குற்றச்சாட்டு, முதல் புகார் நிரூபணமாகாமல் போனாலும் அது நிற்கும்.

இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்: எச்.ஆர். விசாரிக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது. இந்தப் புகார்களை விசாரிக்கும் அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் (EEOC) 180 நாட்களுக்குள் புகார் பதிய வேண்டும். மாநிலத்துக்கென்று இதே மாதிரி சட்டமும் அமைப்பும் இருந்தால் 300 நாள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இருந்தாலும் புகார் எழுதுமுன் வேலைச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரமாவது பேசிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

கோபத்தில் ராஜினாமா மட்டும் வேண்டாம். எச்1பி-யில் வேலை போனால் அடுத்ததைத் தேட அதிகபட்சம் 60 நாள்தான் கிடைக்கும், தானாக விட்டாலும் அதே கணக்குதான். வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுக்கலாம், கொடுக்கிறார்கள்.

ஜனவரி 14-லிருந்து எண்ணினால் 180-வது நாள் ஜூலை 13. அவன் மாநிலத்துக்கு 300 நாள் உண்டா என்று தெரியும்வரை இந்தத் தேதியையே கணக்கில் வையுங்கள். இன்று இரவு அவன் கூப்பிடும்போது முதலில் இதைச் சொல்லுங்கள் அம்மா.