ஞாபகசக்திக்கு மால்ட் மா வாங்கலாமா?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகன் தரம் 4. காலையில் ரொட்டியும் பிளேன்டீயும்தான். வகுப்பில் தூங்கி விழுகிறானாம். நேற்றுப் படித்தது இன்று ஞாபகமில்லை. பாடத்தைப் பத்துத் தடவை எழுதவைத்தும் பயனில்லை. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. ஞாபகசக்திக்கென்று விற்கும் மால்ட் மா கொடுக்கலாமா? நான் கொழுந்து எடுக்கப் போகிறவள், பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரியாது."

வேண்டாம் அம்மா. அந்தக் காசுக்கு முட்டையும் நெத்தலியும் வாங்குங்கள்.

முதலில் ஆஸ்பத்திரியில் காட்டி, இரத்தச்சோகை இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்குக் களைப்பு வரும், கவனம் நிற்காது. பார்ப்பவர்களுக்குச் சோம்பேறி போலத் தெரியும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்றும் அங்கே சொல்லுங்கள். இரும்புக் குளிசையை நீங்களாக வாங்கிக் கொடுக்கக்கூடாது, அளவு மீறினால் ஆபத்து.

அப்புறம் அந்தத் தேத்தண்ணீர். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைத் தேயிலைச் சாயம் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். தோட்டத்து லயன் வீடுகளில் தேத்தண்ணீர் இல்லாமல் விடியாது, தெரியும். சாப்பாட்டோடு கொடுக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள். ரொட்டிக்குப் பருப்போ நெத்தலிச் சம்பலோ வைத்து, தேசிக்காய் பிழிந்துவிடுங்கள்; புளிப்பு இரும்பை உறிஞ்ச உதவும். அவித்த கடலை, கௌபி, கொய்யாப்பழம் எல்லாம் நல்லது. தம்பி தங்கைக்கு கிளினிக்கில் திரிபோஷ சத்துமா கொடுத்தால் அதை இவனுக்குப் பங்கு வைக்காதீர்கள், அது சின்னப் பிள்ளைக்குரியது.

இது உங்கள் வீட்டுக் குறை மட்டுமல்ல. இலங்கையின் 2016 குடிசன, சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் 5 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நாடு முழுவதற்கும் அது 17 வீதம். தோட்டத்துச் சம்பளத்தை வைத்துக்கொண்டு தாய்மாரைக் குறைசொல்வது எனக்குப் பிடிக்காது.

சரி, படிப்பு. பத்துத் தடவை பார்த்து எழுதும்போது கைதான் வேலை செய்கிறது. புத்தகத்தை மூடிவைத்து, "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். தடுமாறினால் நல்லது; தேடி எடுப்பதுதான் மனதில் பதியும். சொல்லி முடித்தபின் அவனே புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கட்டும். இரண்டு நாள் விட்டு அதையே மறுபடி கேளுங்கள். இதற்கு நீங்கள் படித்திருக்கத் தேவையில்லை, ரொட்டி தட்டிக்கொண்டே கேட்கலாம்.

இரவில் குறைந்தது 9 மணித்தியாலம் தூங்க வேண்டும். விடியற்காலை டியூஷனுக்கு எழுப்புகிறீர்கள் என்றால் அதை முதலில் நிறுத்துங்கள்.