அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் பள்ளிப் போட்டிகள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பத்தாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் கணிதம், நிரலாக்கம், அறிவியல் ஆய்வு, விவாதம் ஆகிய நான்கு போட்டிகளுக்கும் ஒரே ஆண்டில் பெயர் கொடுத்திருப்பதாகவும், இவற்றில் எதற்குக் கல்லூரிகளிடம் உண்மையான மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் மற்றவற்றை விட்டுவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். ஆனால் போட்டிகளின் பெயர்களைத் தரவரிசைப்படுத்திப் பட்டியல் கொடுத்தால், அது உங்களைத் தவறான வழியில் அனுப்பிவிடும். ஒரே போட்டியின் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் உள்ள தொலைவு, இரண்டு வெவ்வேறு போட்டிகளின் பெயர்களுக்கு நடுவே உள்ள தொலைவைவிடப் பல மடங்கு பெரியது.

கணிதத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளி மாணவர்களுக்கான கணிதப் போட்டிகளின் முதல் படியான ஏ.எம்.சி. தேர்வில் 75 நிமிடங்களில் 25 கேள்விகள். சரியான விடைக்கு 6 மதிப்பெண், எழுதாமல் விட்ட கேள்விக்கு 1.5, தவறான விடைக்கு ஒன்றும் இல்லை. பள்ளியில் பெயர் கொடுத்த எவரும் இதை எழுதலாம் என்பதால், எழுதினேன் என்ற செய்தி மட்டும் விண்ணப்பத்தில் ஏறத்தாழ எதையும் சொல்வதில்லை. இதில் முன்னணியில் வருவோர் செல்வது ஏ.ஐ.எம்.இ. என்ற அடுத்த படித் தேர்வுக்கு; 3 மணி நேரத்தில் 15 கேள்விகள், ஒவ்வொன்றின் விடையும் 0 முதல் 999 வரையிலான ஒரு முழு எண், தேர்ந்தெடுக்க நான்கைந்து விடைகள் கொடுக்கப்படுவதில்லை. குத்துமதிப்பாகக் குறித்துவிட்டு வர முடியாத தேர்வு அது. அதையும் கடந்த சில நூறு பேர் மட்டுமே யு.எஸ்.ஏ.எம்.ஓ. என்ற அமெரிக்கக் கணித ஒலிம்பியாடை எழுதுகிறார்கள், இரண்டு நாட்கள், நாளொன்றுக்கு நாலரை மணி நேரம், மொத்தம் 6 கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் முழு நிரூபணம் எழுத வேண்டும். அந்த வழியில் இன்னும் மேலே சென்றவர்களிலிருந்துதான் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடுக்கு 6 பேர் அனுப்பப்படுகிறார்கள். எம்.ஐ.டி. போன்ற இடங்களில் விண்ணப்பம் படிப்பவர்களுக்கு இந்தப் படிகள் ஒவ்வொன்றும் என்னவென்று தெரியும்; விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நிரலாக்கத்தில் யு.எஸ்.ஏ.கோ. போட்டியும் இப்படித்தான் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிப்படியாக ஏறுகிறது. கட்டணம் இல்லை, இணையத்தில் எழுதலாம், பள்ளியின் பரிந்துரையும் தேவையில்லை என்பதால் நான் அதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆய்வுத் துறையில் மிகப் பழைய பெயர் 1942இல் தொடங்கிய சயின்ஸ் டேலண்ட் சர்ச். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டுமான இதில் ஆண்டுதோறும் 300 பேர் தேர்வாகி, அவர்களில் 40 பேர் இறுதிச் சுற்றுக்குச் செல்கிறார்கள். முதல் பரிசு 2,50,000 டாலர். இறுதிச் சுற்றில் நடுவர்கள் மாணவரின் ஆய்வைப் பற்றி மட்டுமல்லாமல், அதற்குத் தொடர்பில்லாத அறிவியல் கேள்விகளையும் கேட்டு, அவர் எப்படி யோசிக்கிறார் என்று பார்க்கிறார்கள். பெற்றோரோ பணம் வாங்கிய வழிகாட்டியோ செய்துகொடுத்த ஆய்வு அங்கே நிற்காது.

இப்போது கல்லூரியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். காமன் டேட்டா செட் என்ற பெயரில் பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஆவணத்தில், சேர்க்கையில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று ஒரு அட்டவணை உண்டு. தயவுசெய்து உங்கள் மகள் விரும்பும் கல்லூரிகளின் அட்டவணையைத் தேடிப் படியுங்கள். எடுத்த பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பாடம் சாராத செயல்பாடு, தனித்திறன், நற்குணம் ஆகியவற்றுக்கெல்லாம் அதில் வரி இருக்கிறது. போட்டிகளுக்கென்று தனி வரி கிடையாது. ஒரு பதக்கம் செயல்பாடு, தனித்திறன் ஆகிய வரிகளின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆகவே போட்டிக்குத் தயாராகிறேன் என்று பதினோராம் வகுப்பு வேதியியலில் ‘ஏ’க்குப் பதில் ஒரு ‘பி’ தரம் வாங்கிக்கொண்டு வந்தால், அந்த வணிகத்தில் இழப்பு உங்கள் மகளுக்குத்தான். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மதிப்பெண்ணும் பாடத் தேர்வுமே பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. தேசிய அளவிலான பரிசுகளுக்குக் கனம் கூடுவது, முழு மதிப்பெண் பெற்றவர்களையே ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பும் சில கல்லூரிகளில்தான். அங்கும் அது உத்தரவாதம் அன்று. எந்தத் தேசியப் பரிசும் இல்லாமல் அங்கே சேர்ந்த மாணவர்கள் நிறையப் பேர்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் படிவத்தில் விருதுகளுக்கு 5 இடங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் 100 எழுத்துகள். அவனிடம் ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ்கள் இருந்தன. மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தோம். பொன்னிற ஓரமிட்ட ஒன்று வந்த உறையில், அதே விருதைச் சட்டமிட்டும் கோப்பையாகவும் வாங்கிக்கொள்ள ஒரு விலைப்பட்டியல் இருந்தது. அதை எடுத்துப் பார்த்த அவன் தந்தையின் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அவர் நல்ல நோக்கத்தோடுதான் பணம் கட்டியிருந்தார். இறுதியில் எஞ்சியவை இரண்டே வரிகள்: ஏ.ஐ.எம்.இ. தகுதி, மாவட்ட அறிவியல் கண்காட்சியில் ஓர் இரண்டாம் பரிசு. ஆனால் அவன் பையில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தது. ஒரே வடிவியல் கணக்குக்கு மூன்று பக்கம் அடித்து எழுதி, நான்காம் பக்கத்தில் வேறொரு வழியில் தீர்த்து, அதைத் தன் பள்ளிக் கணித மன்றத்தின் இளைய மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று ஓரத்தில் குறித்திருந்தான். அவனுடைய கணித ஆசிரியர் பரிந்துரைக் கடிதத்தில் எழுதியது அந்த மன்றத்தைப் பற்றித்தான். ஒரு போட்டி மாணவருக்குத் தரும் பயனில் பெரும்பங்கு விருது வரிசைக்கு வெளியே, இப்படி ஆசிரியரின் கடிதத்திலும் மாணவரின் கட்டுரையிலும்தான் தெரியவருகிறது என்பது என் அனுபவம்.

பெற்றோர் பலரும் கவனிக்காத ஒன்று நாட்காட்டி. முன்கூட்டிய விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர் 1ஆம் தேதிக்கும், வழக்கமான விண்ணப்பம் ஜனவரித் தொடக்கத்துக்கும் முடிந்துவிடுகிறது. ஏ.எம்.சி. நவம்பரிலும் ஏ.ஐ.எம்.இ. பிப்ரவரியிலும் நடக்கின்றன. அப்படியானால் பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் ஏ.ஐ.எம்.இ. மதிப்பெண் படிவத்தில் ஏறவே ஏறாது. பத்திலும் பதினொன்றிலும் எழுதியவைதான் ஏறும். சயின்ஸ் டேலண்ட் சர்ச்சின் 300 பேர் பட்டியல் வெளிவருவதும் ஜனவரியில்தான். பின்னர் வரும் செய்தியைக் கல்லூரிக்குத் தெரிவிக்க வழி உண்டு, எம்.ஐ.டி. இதற்கென்றே பிப்ரவரியில் ஒரு படிவம் நிரப்பச் சொல்கிறது. ஆயினும் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

ஆகவே உங்கள் மகளுக்கு இனி மிஞ்சியிருப்பது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. நான்கு போட்டிகளில் முதல் படியில் நிற்பதற்கு அது போதும். ஒன்றில் மேலே ஏற வேண்டுமானால் மற்ற இரண்டையாவது விட வேண்டும். எதை விடுவது என்பதை மதிப்பை வைத்து நீங்கள் முடிவு செய்யாதீர்கள். யாரும் சொல்லாமலே சனிக்கிழமை காலையில் அவள் எந்தப் புத்தகத்தைத் திறக்கிறாள் என்று சில வாரம் பாருங்கள். விவாதக் குழுவில் சேர்ந்தது தோழி சேர்ந்ததால்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவளுக்கு இப்போது அதுவே பிடித்துப் போயிருக்கவும் கூடும், அப்படியானால் கணிதத்தை விட்டுவிட்டு விவாதத்தில் நிற்பதில் எந்தக் குறையும் இல்லை. தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும்போது எத்தனை சரி என்று கேட்பதற்கு முன், எந்தக் கணக்கு நன்றாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவள் சொல்லும் பதிலின் நீளம் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

அவளிடம் பேசிய பிறகு, அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள். பதினோராம் வகுப்புப் பாடத் தேர்வைப் பள்ளியில் கேட்பதற்குள், அதையும் போட்டிகளுக்கான நேரத்தையும் ஒரே தாளில் வைத்து மூவரும் சேர்ந்து பார்ப்போம்.