பிரான்ஸ் இலக்கத் தகட்டோடு லண்டனில் கார் ஓட்டலாமா?

பாரிஸிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த அண்ணா, "பிரான்ஸ் காரை 6 மாதம் அப்படியே ஓட்டலாம்" என்கிறார், சரியா என்று கொக்குவிலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. அந்த 6 மாதம் சும்மா வந்து போகிறவர்களுக்கு. குடியிருக்க வந்தவர் காரை உடனே அங்கே பதிய வேண்டும். எங்கள் சனம் சறுக்குவது இங்கேதான். கார் வந்து 14 நாட்களுக்குள் வரித்துறைக்கு அறிவிக்க வேண்டும், அப்புறம்தான் பதிவு.

வெளிநாட்டில் 12 மாதமாவது வாழ்ந்து, காரை 6 மாதமாவது சொந்தமாக வைத்து ஓட்டியிருந்தால் இறக்குமதி வரிச்சலுகை கேட்கலாம். கிடைத்தால், அடுத்த 12 மாதத்துக்கு விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது, மச்சான் கேட்டாலும்தான்.

முன்விளக்கையும் மாற்றச் சொல்லுங்கள். வலப்பக்கம் ஓடும் நாட்டுக் கார், லண்டனில் எதிரே வருபவரின் கண்ணில் வெளிச்சம் அடிக்கும்.