புதுத் தொட்டியில் பாசியா? முதலில் விளக்கைக் குறையுங்கள்

கேள்வி: செடிகள் வைத்து 60 லிட்டர் மீன் தொட்டி அமைத்து மூன்று வாரம் ஆகிறது. கண்ணாடியிலும் இலைகளிலும் பழுப்பாக ஒரு படலம் படிகிறது. இப்போது பச்சை நூல் போலவும் கிளம்பியிருக்கிறது. பழைய இலைகள் கரைந்து விழுகின்றன. விளக்கு தினமும் பத்து மணி நேரம் எரிகிறது. கார்பன் டை ஆக்சைடு கொடுக்கவில்லை. மீன் இன்னும் விடவில்லை. பாசிக்கொல்லி ஊற்றலாமா, பாசி தின்னும் மீன் வாங்கலாமா?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். உங்கள் தொட்டி கெட்டுப்போகவில்லை. செடிகள் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

கடையில் வாங்கும் நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை. தண்ணீருக்குள் வந்ததும் அந்தப் பழைய இலைகளைக் கைவிட்டு, நீருக்கேற்ற புது இலைகளை விடும். அந்த இடைவெளியில் அவை சத்தை அதிகம் உறிஞ்சுவதில்லை. அழுகும் இலைகளிலிருந்தும், சத்துமண் போட்டிருந்தால் அதிலிருந்தும் அமோனியா கசிகிறது. அதைச் சிதைக்கும் பாக்டீரியா ஃபில்டரில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இதற்கு மேல் பத்து மணி நேர வெளிச்சமும் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம்தான்.

அந்தப் பழுப்புப் படலத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல எளிதாக வந்துவிட்டால் அது டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டிகளில் வெகு சகஜம். தொட்டி முதிர முதிரத் தானாகவே போய்விடும். நூல் பாசி அப்படியல்ல, நீங்கள் கைவைத்தே ஆகவேண்டும். நீலப்பச்சையாக, தகடு தகடாக உரிந்து, துர்நாற்றம் அடித்தால் மட்டும் கதை வேறு. அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்ற ஒருவகை பாக்டீரியா. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்றே செய்ய வேண்டியது, விளக்குக்கு ஒரு டைமர் போட்டு ஆறு மணி நேரமாகக் குறைப்பது. பிரகாசத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் குறையுங்கள், இல்லையென்றால் விளக்கைச் சற்று உயர்த்திக் கட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடு கொடுக்காத தொட்டியில் செடிகளால் பலத்த ஒளியைப் பயன்படுத்த முடியாது, மிஞ்சுவதெல்லாம் பாசிக்குத்தான் போகும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் அதையும் மறைத்துவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். அடுத்த மூன்று வாரத்துக்கு வாரம் இருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள், புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்க்க மறக்காதீர்கள். மாற்றுவதற்கு முன்பே கைவேலையை முடித்துவிடுவது முக்கியம். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை நூல் பாசிக்குள் விட்டு மெல்லச் சுழற்றினால் கொத்தாகச் சுற்றிக்கொண்டு வரும். கண்ணாடியையும் இலைகளையும் தேய்த்துவிட்டு, உதிர்ந்து மிதப்பது அடங்குவதற்குள் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றுங்கள். தேய்த்துவிட்டு அப்படியே விட்டால் அது வேறு இடத்தில் ஒட்டி வளரும். கரையும் இலைகளை அடியோடு நறுக்கி எடுங்கள், ஆனால் செடியைப் பிடுங்காதீர்கள். கிரிப்டோகோரைன் என்ற செடி இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றாலும் வேர் உயிரோடுதான் இருக்கும்.

வேகமாக வளரும் செடிகளைக் கூடுதலாகப் போடுவதுதான் என் பார்வையில் எந்த மருந்தையும் விட நல்ல வைத்தியம். ஹார்ன்வர்ட், வாட்டர் ஸ்ப்ரைட் போன்றவை அமோனியாவை நேரடியாகவே உறிஞ்சும். மிதக்கும் செடிகள் நிழலும் தரும். தொட்டி நிலைத்த பிறகு வேண்டாதவற்றை எடுத்துவிடலாம். பாசிக்குப் பயந்து உரத்தை அடியோடு நிறுத்துபவர்கள் உண்டு. செடி பட்டினி கிடந்தால் இலை நலியும், நலிந்த இலையில்தான் பாசி முதலில் ஏறும். குறைந்த அளவில் தொடருங்கள்.

பாசிக்கொல்லி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஒரே நேரத்தில் செத்த பாசி அழுகி மறுபடி அமோனியாவைத்தான் தரும். தாமிரம் கலந்த மருந்துகள் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். பாசி தின்னும் மீன் என்று விற்கப்படும் சாதாரண பிளெகோ 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், 60 லிட்டரில் அதை வைப்பது கொடுமை. அமோனியாவும், அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனையில் தொடர்ந்து காட்டிய பிறகு அமானோ இறால்களை விடுங்கள். நூல் பாசியை நன்றாகத் தின்னும். ஓட்டோசிங்களஸ் மீனுக்கு இன்னும் சில மாதம் பொறுங்கள். மேய்வதற்குப் போதிய படலம் இல்லாத தொட்டியில் அது பட்டினியால் மெலிந்து செத்துவிடும்.

குறைகிறதா என்று பழைய இலைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள், அவற்றில் ஒட்டியது லேசில் போகாது. புதிதாக விரியும் இலைகளைக் கவனியுங்கள். அவை சுத்தமாக வரத் தொடங்கினால் ஒளியை வாரத்துக்கு அரை மணி நேரம் வீதம் கூட்டலாம். எட்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.