6000 அப்டேட், 5 நிமிடம்: நேரம் எங்கே போகிறது?

சம்மாந்துறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: அரிசி ஆலை ஒன்றுக்கு பிஎச்பியில் கணக்கு மென்பொருள் எழுதியிருக்கிறேன். அது ஆலைக் கம்பியூட்டரில் ஓடுகிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சிங்கப்பூர் சேர்வரில். விலை முடிவானதும், ஏற்கெனவே இறக்கிய நெல்லின் 6000 பதிவுகளை லூப் போட்டு ஒவ்வொன்றாக அப்டேட் செய்கிறேன். 5 நிமிடம் எடுக்கிறது. பெரிய சேர்வருக்கு மாறவா?

வேண்டாம், காசுதான் வீண். ஒருமுறை சிங்கப்பூர் போய்வர 50 மில்லிசெக்கன் என்று வையுங்கள். 6000 தடவைக்கு 300 செக்கன். உங்கள் 5 நிமிடம் அங்கேயே முடிந்துவிட்டது. மூடைக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிடித்து நெல் அனுப்புகிறீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் (ஒரே தொகுப்பாக முடிக்கும் வேலைக்குள்) போடு என்றுதான் பலரும் முதலில் சொல்வார்கள். போடுங்கள், நல்லதுதான், ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது மாற்றத்தை உறுதிசெய்யும் ஒவ்வொரு தடவைக்கும், டிஸ்கில் எழுதும் வேலை மிச்சமாகும். ஆனால் பயணம் 6000 அப்படியே இருக்கும்.

லூப்பையே எடுத்துவிடுங்கள். மாறுவது 6000 விலையா? நாடு, சம்பா, கீரிச் சம்பா என்று மூன்று விலைதானே. அவற்றை விலை டேபிளில் எழுதி, வரவு டேபிளோடு நெல் வகையால் ஜொயின் செய்து (இணைத்து), 'தொகை = எடை × விலை' என்று ஒரே அப்டேட்டாகக் கொடுங்கள். பெருக்கலை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும். பணம் கொடுத்து முடித்த வரவுகளை வேர் (WHERE) நிபந்தனையில் விலக்க மறக்காதீர்கள். வரிக்கு வரி வேறு தொகை வரும் வேலையென்றால், 500 வரிகள் வீதம் தற்காலிக டேபிளில் இன்சேர்ட் செய்துவிட்டு அதோடு ஜொயின் செய்யலாம்.

அப்புறம் இன்டெக்ஸ், அதாவது தேடும் வரியை டேட்டாபேஸ் சட்டென எடுக்க உதவும் அட்டவணை. விவசாயி இலக்கத்தை '00457' என எழுத்தாக வைத்துக்கொண்டு, அப்டேட் கோடில் 457 என்று எண்ணாக அனுப்பினால் விடை சரியாகத்தான் வரும். ஆனால் இன்டெக்ஸ் பயன்படாது; டேபிள் முழுவதையும் வாசிக்கும். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, வாசித்த வரிகளையெல்லாம் பூட்டியும் வைக்கும், தராசடியில் புது வரவு பதிகிறவர் காத்திருக்க வேண்டியதுதான். அப்டேட்டுக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் (EXPLAIN) போட்டுப் பாருங்கள், டேபிளை எப்படி வாசிக்கப்போகிறது என்று அது காட்டும். டைப் என்ற இடத்தில் 'ஆல்' (ALL) என்று வந்தால் டேபிள் முழுவதையும் வாசிக்கிறது என்று அர்த்தம்.

கமிட்டின்போது லொக்கை (log, மாற்றங்களின் பதிவேட்டை) டிஸ்கில் எழுதும் innodb_flush_log_at_trx_commit செட்டிங்கை 1இலிருந்து 2 ஆக்கச் சொல்வாரும் உண்டு. வேகம் கூடும், ஆனால் சேர்வர் மெஷின் திடீரென விழுந்தால் கடைசி ஒரு செக்கன் அளவு பதிவுகள் போகலாம். பணக் கணக்குக்கு அது 1இலேயே இருக்கட்டும்.