தட்டைச் சுற்றி மூன்று குரல்கள்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நான்காம் படிவம் படிக்கும் என் மகள் ஆறு மாதமாகச் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து எலும்பும் தோலுமாகிவிட்டாள். வெள்ளிக்கிழமை விரதம் என்றுதான் ஆரம்பித்தாள். இப்போது செவ்வாய், சனியும் சேர்ந்துவிட்டது. மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை. ஆனால் தம்பிகளுக்கு அவளேதான் தோசை சுட்டுப் போடுகிறாள். கணவர் கத்துகிறார், மாமியார் "சாமி காரியம், விடு" என்கிறார், நான் கெஞ்சுகிறேன். என் வளர்ப்பில் குறையா? கைப்பேசியைப் பிடுங்கலாமா? கொஞ்ச நாள் கிள்ளானில் தங்கை வீட்டில் விடலாமா?

– ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

பிள்ளை சாப்பிடாத வீடுகளில் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றி எழுத நினைத்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

வளர்ப்பைப் பற்றிய கேள்வியை இன்றோடு விடுங்கள். குடும்பம்தான் அனோரெக்சியா என்ற இந்த உணவு மறுப்பு நோயை உண்டாக்குகிறது என்று 1970களில் பேசியவர்கள் உண்டு. இன்று விஷயம் தெரிந்த மருத்துவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கைப்பேசி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தோசை சுடுவதைப் பொறுப்பு என்று நினைத்து மகிழ வேண்டாம். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிறு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், சாப்பாட்டைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் தின்றார்கள், எரிந்து விழுந்தார்கள். பட்டினி மூளையை அப்படித்தான் ஆட்டுவிக்கும். உங்கள் மகள் பிடிவாதக்காரி அல்ல, நோயாளி.

இனி நான் கோபமாகப் பேசப்போவது உங்கள் சாப்பாட்டு மேசையைப் பற்றி. ஒருவர் கத்த, ஒருவர் கெஞ்ச, ஒருவர் விடச் சொல்ல, அந்த இடைவெளியில்தான் நோய் வளர்கிறது. அப்பா அதட்டினால் அவள் பாட்டியிடம் ஓடுவாள். பாட்டி விட்டுவிட்டால் தட்டு அப்படியே கிடக்கும். "பாதி சாப்பிட்டால் போதும்" என்று நீங்கள் இன்று இறங்கினால், நாளைக்கு அந்தப் பாதியிலும் பாதிதான். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, உணவுப் பொறுப்பைச் சில காலம் பெற்றோர் கையில் கொடுக்கிறது. 1987இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், இளம் வயதில் நோய் தொடங்கி மூன்றாண்டு ஆகாதவர்களுக்கு இந்த வழி நன்றாகப் பலன் தந்தது. உங்களுக்கு ஆறு மாதம்தான் ஆகியிருக்கிறது. கிள்ளானுக்கு அனுப்பினால் இந்தப் பொறுப்பை யார் எடுப்பார்?

என்ன சாப்பாடு, எவ்வளவு என்பதை நீங்களும் கணவரும் அவள் இல்லாத நேரத்தில் பேசி முடிவெடுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று தடவை மைலோ, ரொட்டி போல ஏதாவது. தட்டில் நீங்கள் போடுங்கள், அவள் போடக்கூடாது. ஒருவர் கூடவே உட்கார வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து கணவர் காலையில் வருகிறவர் என்றால் பசியாறல் அவருடைய வேலை. "இதைச் சாப்பிடணும்மா, அப்பா இங்கேதான் இருக்கேன்" என்பதற்கு மேல் பேச்சு வேண்டாம். கலோரி விவாதம், "உன்னால்தான் வீடே கெட்டது" என்ற வார்த்தை, இரண்டும் கூடாது. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் குளியலறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். தெரியாமல் நெய் கலந்துவிட்டு இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். கண்டுபிடித்தால் அடுத்த வேளையும் போய்விடும். தம்பிகளை வேவு பார்க்க வைக்காதீர்கள். அக்காவோடு சிரித்துப் பேசுவது மட்டுமே அவர்கள் வேலை. விரதம் உடம்பு தேறும்வரை கிடையாது. முடியாதவர்களை முருகன் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை.

ஆனால் கிளினிக் போகாமல் எதையும் தொடங்காதீர்கள். பல நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பின் அளவு இறங்கி இதயத்தைத் தாக்கலாம். அரசு கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். படுத்தபடியும் நின்றபடியும் நாடி, இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை, இசிஜி கேளுங்கள். இரத்தம் நன்றாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. விழித்திருக்கும்போதே நாடி 50க்குக் கீழே இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ நேரே ஈப்போ பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நாளைக் காலையிலேயே கிளினிக்குக்குக் கிளம்புங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்வதை அவர் தன் காதாலேயே கேட்கட்டும்.