மெக்சிகோவின் சாக்லேட் மத்து

கேள்வி: மெக்சிகோவிலிருந்து வந்த உறவினர், தலைப்பகுதியில் பள்ளங்களும் தண்டில் கழலாத வளையங்களும் கொண்ட மரக்கோல் ஒன்றைத் தந்து, அது சூடான சாக்லேட் கலக்கும் கருவி என்றார். அதற்குக் கரண்டி போதாதா? வளையங்கள் அழகுக்காகத்தானா? – வாசகி ஒருவர்

பதில்: உங்களிடம் இருப்பது ‘மொலினியோ’. ஏறத்தாழ நம் மத்தைப் போன்றது. கயிறு இல்லாமல், தண்டை இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து முன்னும் பின்னுமாக உருட்டிக் கடைய வேண்டும்.

மெக்சிகோவின் சாக்லேட் வில்லைகளில் கொக்கோ சற்றே கொரகொரப்பாக அரைபட்டிருக்கும். கொக்கோ விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு என்பதால், கரண்டியால் கலக்கினால் கொழுப்பு மேலே மிதக்க, துகள்கள் அடியில் தங்கிவிடும். மொலினியோவின் பள்ளம் விழுந்த தலை இவ்விரண்டையும் பாலிலோ நீரிலோ சிதறடித்துக் கலக்கிறது; வளையங்களோ தண்டோடு சுழன்று மேற்பரப்பைக் குலைத்துக் காற்றை உள்ளே இழுத்து நுரையைப் பெருக்குகின்றன. ஆகவே அவை வெறும் அலங்காரம் அல்ல. வளையங்கள் பின்னர் மாட்டப்பட்டவையும் அல்ல. ஒரே கட்டையைக் கடைசல் பிடிக்கும்போதே தண்டிலிருந்து அறுத்து விடுவிக்கப்படுபவை. ஒட்டோ மூட்டோ இல்லாத அந்த வேலைப்பாட்டை ஒருமுறை கையில் உருட்டிப் பாருங்கள்.

நுரையின் மீதான நாட்டம் இக்கருவியை விடப் பழையது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலுள்ள பண்டைய மாயா நாகரிகக் கலயம் ஒன்றில், பெண்ணொருத்தி நின்றபடி ஒரு பாத்திரத்திலிருந்து கீழே உள்ள மற்றொன்றில் சாக்லேட்டை ஊற்றி நுரை எழுப்பும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. கடையும் கோல், 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வந்த பிறகே வழக்கத்துக்கு வந்தது.

பயன்படுத்தும்போது உயரமான பாத்திரத்தைப் பாதியளவே நிரப்புங்கள். இல்லாவிட்டால் நுரை பொங்கி வழியும். வில்லை கரைந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, தலை அடியில் இடிக்காமலும் மேல் வளையம் பரப்பை ஒட்டியும் இருக்குமாறு பிடித்து, கனத்த நுரை திரளும்வரை கடையுங்கள். நுரை எல்லாக் கோப்பைகளுக்கும் சேரும்படி ஊற்றுவது முக்கியம். நுரையில்லாத கோப்பையை விருந்தினருக்குத் தர எனக்கு மனம் வராது.

வார்னிஷ் பூசிய கோலாக இருந்தால் தயவுசெய்து பாலில் இறக்க வேண்டாம். பூச்சற்றதாயின், கடைந்த உடனே வெந்நீரில் வளையங்களைச் சுழற்றிக் கழுவுங்கள், ஏனெனில் கொழுப்பும் சர்க்கரையும் அவற்றின் அடியில்தான் ஒட்டிக்கொள்ளும். ஊறப்போட்டால் மரம் உப்பி வெடிக்கும். தலை மேலே இருக்கும்படி நிறுத்தி, காற்றாட உலரவிடுங்கள்.